திட்டும் டாக்டர் வேடம்

குழந்தைகள் வார்டு நர்சுகளுக்குப் பயிற்சி தரும் அக்காவுக்குக் காலில் சக்கரம். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். வகுப்பில் எரிந்துவிழும் டாக்டராக நடிப்பவள் அவள்தான். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்று பயிற்சிப் போனில் கூப்பிடும் நர்சைக் கிழிகிழியென்று கிழிப்பாள். திட்டுக்குப் பயந்து போனை வைத்துவிடக் கூடாது, அதுதான் பாடம்.

"வீட்டுலயும் அதே குரல்தான்," என்பார் கணவர். "எனக்கு எதுக்கு இந்தப் பயிற்சி?"

அன்று காலை, புதிதாக வந்த நர்ஸ் ஒவ்வொரு முறையும் பாதியிலேயே போனை வைத்தாள். மதியம் அவளுக்கு வார்டில் வேலை. அக்கா சாப்பிட உட்காரவில்லை. ரொம்பத் திட்டிவிட்டோமோ, இனி அவள் போனையே தொடமாட்டாளோ என்று தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் புதியவள் எதிரே வந்தாள்.

"அக்கா, ஒரு குழந்தை அழுகைய நிறுத்திட்டுத் துவண்டு கிடந்துச்சு. தூங்குதுன்னு அவங்கம்மா சொன்னாங்க. எனக்குச் சரியாப் படல. டாக்டரப் போன்ல கூப்பிட்டேன், கத்திட்டு வச்சுட்டார். மறுபடியும் கூப்பிட்டேன்."

"பயமா இல்லையா?"

"நீங்க திட்டுறதுல பாதிகூட இல்லக்கா."

"வந்தாரா?"

"ஓடி வந்தார். ஐசியூவுக்கு மாத்தியாச்சு. இப்பப் பரவாயில்லையாம்."

அக்கா சிரித்தாள். ஆனால் கால்கள் அதற்குள் ஐசியூ பக்கம் திரும்பிவிட்டன.

"பரவாயில்லன்னு யார் சொன்னது? எப்பப் பார்த்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.