ராணியின் மூடாத கண்

இன்று கொள்ளு வெந்த வாசனையில், இப்போது கார்கள் நிற்கும் எங்கள் பழைய குதிரை லாயம் நினைவுக்கு வந்தது, கூடவே எரிச்சலும். அன்று அங்கே வாளி மாட்டும் ஆணி கிழித்து, எங்கள் குதிரை ராணியின் மேலிமை தொங்கியது.

"டாக்டர் வந்து தைக்கட்டும், வெட்டாதீங்க அத்தா" என்றேன்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்கப்பா! சாயந்தரம் இவ மேல மாப்பிள்ள ஊர்வலம், இப்டியே தொங்கிட்டுப் போவுமா?" என்று மகள் என்னைக் கேலி செய்து சிரித்தபடி அத்தா இமையைக் கத்தரித்துவிட்டார்.

அதன்பின் அந்தக் கண் முழுதாக மூடவே இல்லை. வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கமிருந்து காற்று கொண்டுவரும் மணலும், கொள்ளுக்கு வரும் ஈயும் அதில் விழ, ஓயாமல் நீர் வடிய, காலையும் மாலையும் ஆறிய உப்புநீரில் துணி நனைத்து நான்தான் துடைத்தேன். ஆணியை அத்தா பிடுங்கவில்லை. துடைத்த துணியை அதில்தான் காயப்போடச் சொன்னார்.