என் பாகத்துக்கு வந்த கார்

அப்பா போன பிறகு சொத்தைப் பிரித்தபோது போர்வெல் நிலம் அண்ணனுக்கு, ஓடாத கார் எனக்கு. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. "உனக்குத்தான் வண்டின்னா உசுராச்சே" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். புகுந்த வீட்டு நிலத்தில் இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவளுக்கு அந்தச் சிரிப்பு புரியாதா? கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை என் புகுந்த ஊரான சங்கராபுரத்துக்கு இழுத்து வந்தேன்.

இன்ஜினை ஓட வைக்கவே இரண்டு வருஷம் ஆனது. ஓடிய செய்தி எப்படியோ சென்னைக்குப் போய், பழைய கார்களைச் சேகரிக்கிற ஒருவர் அண்ணனைப் பிடித்தார். ஒரு நட்டுகூட மாறாமல் அப்படியே இருந்தால் நல்ல விலையாம். "குடும்பச் சொத்து, வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்" என்றார் அண்ணன். ஓடாதபோது என் பாகம், ஆள் வந்ததும் குடும்பச் சொத்து! சென்னைக்குப் பக்கத்தில், என்னைப் போல ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்குப் பழைய கார் பந்தயம் நடக்கிறது. அதில் ஓட்டும் ஆசை முன்பே இருந்தது. அன்றைக்கு வீம்பும் சேர்ந்துகொண்டது.

வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையில் பிடிக்காமல் சும்மா சுற்றியது. இன்ஜின் சக்தி முழுக்க அதிலேயே வீணாய்ப் போனது. பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில்தான் கை வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததோ டிராக்டர் வைத்தியம். "சேத்துல ஒரு சக்கரம் சுத்திக்கினே இருந்தா இன்னா பண்ணுவோம்? லாக்கை மிதிச்சி ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வெப்போம். இதுல லாக் ஆன மாதிரியே வெல்டு வெச்சிடுப்பா" என்றேன், எங்கள் டிராக்டர் மெக்கானிக்கிடம். "ரோட்டுல சரிப்படுமாக்கா?" என்று இழுத்தார். "வைப்பா" என்றேன்.

மறுபடி மலை ரோட்டில் ஏறியபோது, மூன்றாவது வளைவில் 'டப்' என்று ஆக்சில் முறிந்தது. சேறு என்றால் சக்கரம் வழுக்கிக் கொடுக்கும். தார் ரோடு கொடுக்காது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும், நானோ இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருந்தேன். என் டிராக்டரே வந்து காரை வடக்கனந்தல் வழியாக இழுத்துப் போனது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். தலையைக் குனியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையதுதான். அதற்காகக் கார் இன்னொருத்தருடையது ஆகிவிடுமா?

இங்கிலாந்திலிருந்து லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வரவழைத்தேன். அது வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓட விடும். ஒன்று சும்மா சுற்ற ஆரம்பித்தால் மற்றதற்கும் சக்தி கொடுக்கும். நானும் மெக்கானிக்கும் கிரீஸில் குங்குமம் குழைத்து, பல்சக்கரத்தில் தடவி, பற்கள் சரியாகப் பொருந்துகிறதா என்று சுற்றிப் பார்த்தோம். பல்லின் ஓரத்தில்தான் குங்குமம் தேய்ந்திருந்தது. கழற்றினோம், மெல்லிய தகடு வைத்தோம், மறுபடி பூட்டினோம். நாலாவது தடவைதான் தடம் பல்லின் நடுவில் விழுந்தது.

பந்தயத்தில் பன்னிரண்டு கார்கள். நான் பதினோராவதாக வந்தேன். வளைவில் மிதித்தபோது இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து தள்ளின பாருங்கள், ஹெல்மெட்டுக்குள் சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

மறுநாள் அண்ணன் பைக்கில் வந்தார். "பதினொண்ணாவதுக்கா இத்தினி கூத்து? அந்த மனுசன் இன்னும் கேட்டுக்கினுதான் இருக்காரு. நீ பார்ட்டை மாத்துனதால வெலை கொஞ்சம் கம்மியாவும், அவ்ளோதான். குடும்பச் சொத்தும்மா."

"சரிண்ணா, குடும்பச் சொத்துன்னே வெச்சிக்கலாம். போர்வெல் நெலமும் அப்பா சொத்துதானே? ரெண்டையும் ஒண்ணா சேத்து மறுபடி பிரிச்சிடலாமா?"

கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு அண்ணன் பைக்கை உதைத்தார். சென்னை ஆளைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.