தீர்த்தகிரியின் பிக்கப் நிற்கும் இடங்கள்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வருகிற வண்டிகளில் தீர்த்தகிரியின் பிக்கப்புக்குத்தான் வயது அதிகம். கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் சாத்திக்கொள்ளும். ஹாரன் அடித்தால் சில நாள் வைப்பர் ஆடும். அதைப் பற்றி அவரும் குறை சொல்ல மாட்டார், அடுத்தவர் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். முந்தின வருஷம் ஆடியில் மனைவி செல்லி இறந்த பிறகு, தினமும் தன்னோடு வந்து போகிற ஒரே துணை அந்த வண்டிதான் என்று நினைத்திருந்தார்.

ஒரே மகள் வெண்மதி, ஓசூரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கல்யாணமாகி அங்கேயே குடும்பம். நல்ல பெண்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். அவர் "ஆச்சு" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். இவராகக் கூப்பிட மாட்டார். எங்கள் பக்கத்து அப்பன்மார்களுக்கு இது ஒரு வியாதி. சாவு, காதுகுத்து, மாடு கன்று போட்டது என்று ஏதாவது சேதி கையில் இருந்தால்தான் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் போன் போடுவார்கள். சும்மா கூப்பிட்டேன் என்று சொல்ல நாக்கு வராது. தீர்த்தகிரிக்குச் சேதி எங்கிருந்து வரும்? தக்காளி ஏற்றினார், இறக்கினார், வீட்டுக்கு வந்து டி.வி.யை அலறவிட்டுக்கொண்டு படுத்தார். டி.வி.யில் என்ன ஓடியது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மண்டியிலிருந்து காலிப் பெட்டிகளோடு திரும்பும்போது, சர்க்கரை ஆலையைத் தாண்டியதும் வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. சாவியைத் திருகினால் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. டீசல் முள் முக்கால் டேங்க் காட்டியது. சுற்றிலும் ஆளில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, வண்டி நின்னுபோச்சு."

"எங்கங்கப்பா? ஓரமா நிறுத்தியிருக்கீங்களா?" என்று வெண்மதி பதறினாள். தனியாக நிற்கிறாரே என்று போனை வைக்கவில்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். பக்கத்து சீட்டுக்காரி தூங்கித் தூங்கித் தோளில் விழுவதைச் சொன்னாள். மகன் பள்ளிக்கூடத்தில் பல்லை உடைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். அப்படியே அம்மா வைக்கிற தட்டைப்பயறு குழம்புக்குப் பேச்சு போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லியின் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. பேச்சுவாக்கில் அவர் சாவியைத் திருகினார், வண்டி கிளம்பிவிட்டது. கிளம்பியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு வண்டி நினைத்தால் நின்றது, நினைக்காவிட்டால் ஓடியது. பாலக்கோட்டில் பட்டறை வைத்திருக்கும் ரஞ்சித்குமாரிடம் கொண்டுபோனால், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போலப் பவ்யமாக ஓடும். ரஞ்சித்குமார் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து டீசலைப் பார்ப்பான். பிறகு ஃபில்டரை மாற்றுவான், பைப்புகளைக் கழற்றி ஊதுவான், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவான்.

"நம்மகிட்ட வந்தா நல்லாத்தானுங்க ஓடுது. டீசல் பைப்புல எங்கியோ காத்து புடிக்குது போல. டேங்க்க எப்பவும் ரொப்பியே வெச்சிக்கோங்க" என்றான்.

ரொப்பினார். முன்னைவிட அதிகமாக நின்றது.

நின்ற இடத்திலிருந்தெல்லாம் ஓசூருக்குப் போன் போனது. வெண்மதியும் எந்த வேலையில் இருந்தாலும் எடுத்துவிடுவாள். வண்டி கிளம்புகிற வரைக்கும் பேசுவாள். வண்டி நிற்பது கெடுதல் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உள்ளதைச் சொன்னால், ஆலைப் பக்கம் வரும்போதெல்லாம் நின்றால் தேவலை என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

தை மாதத்தில் நிற்கக் கூடாத நாளில் நின்றது. வண்டி நிறைய, தினமும் லோடு கொடுக்கிற விவசாயி செல்லம்மாளின் தோட்டத்துத் தக்காளி. அவர் மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் நல்ல ஏலமெல்லாம் முடிந்து, பழம் வெயிலில் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. செல்லம்மாள் அதிர்ந்து பேசுகிறவள் இல்லை.

"உங்களக் குத்தஞ் சொல்லலைங்கண்ணா. இன்னொருக்கா நின்னுச்சின்னா நான் வேற வண்டிக்குச் சொல்லிடுவனுங்க. எனக்கும் வயித்துப்பாடு இருக்குதில்ல" என்றாள்.

அவளுடையதுதான் பெரிய லோடு. அவள் போனால் மற்றவர்களும் போவார்கள். காலையில் நாலு பேர் பேசிச் சிரித்துக்கொண்டு பெட்டி ஏற்றுகிற அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும்.

அடுத்த தடவை, நல்ல வேளையாக, காலி வண்டியோடு நின்றது. வழக்கம்போலப் போன் போட்டார். அன்றைக்கு வெண்மதி ஊர்க்கதை பேசவில்லை.

"இப்படியே வுட்டா சரிப்படாதுங்கப்பா. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தா டாக்டர் என்ன கேப்பாரு? எப்ப வருது, எப்ப வரலைன்னு கேப்பாரு. எப்பல்லாம் நிக்கலை, அதச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "ரஞ்சித்து பாத்த அன்னிக்கு நிக்கலை. டீசல் போட்டதும் நிக்கலை. போட்டுட்டு ரொம்பத் தூரம் ஓட்டுனாத்தான். கொஞ்சமா போட்டு ஓட்டுனப்ப இந்தப் பாடு இல்ல பாப்பா. ரொப்பிட்டாத்தான் சீக்கிரமா நின்னுக்குது."

வெண்மதி சொன்னாள். "ட்ரிப்ஸ் பாட்டில் மாதிரி இருக்குதுங்கப்பா. மருந்து சொட்டுச் சொட்டா எறங்கணும்னா பாட்டிலுக்குள்ள காத்து போவணும். அதுக்குன்னு ஒரு ஊசியக் குத்தி வுடுவோம். மறந்துட்டா கொஞ்ச நேரம் எறங்கும், அப்பறம் அப்படியே நின்னுபோகும். உங்க டேங்குக்குக் காத்து போக வழி இருக்குதுங்களா?"

மூடியில் அதற்கென்று ஒரு சின்னத் துளை உண்டு என்பது அவருக்குத் தெரியும். போனைக் காதில் வைத்தபடியே இறங்கிப்போய் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

"கேட்டுச்சுங்கப்பா! எனக்கே கேட்டுச்சு!" என்று ஓசூரிலிருந்து கத்தினாள்.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். துளை இருந்த இடத்தில் சந்தனம். ஆயுத பூஜைக்குச் செல்லிதான் வண்டிக்குப் பொட்டு வைப்பாள், மோதிர விரலால் தொட்டும் தொடாமலும். துக்க வருஷத்தில் பூஜை இல்லை. இந்த வருஷம் அவரே வைத்தார். ஒரு வண்டிக்கு எவ்வளவு சந்தனம் குழைக்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு சொம்பு குழைத்துவிட்டார். சாமிக்குக் குழைத்ததைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. பானெட், கண்ணாடி, டயர், கதவு எல்லாம் முடிந்து, மிச்சம் மொத்தத்தையும் டேங்க் மூடியில் அப்பினார். அதுதான் டீசலும் புழுதியும் சேர்ந்து சிமெண்டாக இறுகிக் கிடந்தது. ரொப்பிய டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு என்பதால் சீக்கிரம் நின்றிருக்கிறது, மூடி இடுக்கில் மெல்லக் காற்று கசிந்ததும் தானாகக் கிளம்பியிருக்கிறது. பாவம் ரஞ்சித்குமார், அவன் மூடியைத் திறந்த நிமிஷமே வியாதி ஓடிவிடும். அப்புறம் எதைக் கண்டுபிடிப்பான்?

மகள் போனை வைத்த பிறகும் தீர்த்தகிரி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்படியே திருகி மூடிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. சத்தியமாக வந்தது. விடிந்தால் செல்லம்மாளின் லோடு ஏற்ற வேண்டும். பெட்டி கட்டுகிற கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, துளையில் விட்டுக் குடைந்து, வாயால் ஊதினார்.

வண்டி அதன் பிறகு நிற்கவே இல்லை. செல்லம்மாள் சந்தோஷப்பட்டாள். ரஞ்சித்குமார் நாலு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை வெண்மதி, "வண்டி எப்படிங்கப்பா?" என்று கேட்டாள். "ஓடுது" என்றார். "நல்லதுங்கப்பா" என்றாள். சாப்பிட்டாயிற்றா, ஆயிற்று. மாத்திரை போட்டாயிற்றா, ஆயிற்று. தை போய் மாசியும் போனது. வீட்டில் டி.வி. மறுபடி அலறியது.

பங்குனியில் ஒரு நாள், ஆலையைத் தாண்டியதும் அவராகவே வண்டியை ஓரம் கட்டினார். நடுவழியில் இன்ஜினை அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம் அவரை இன்னும் விடவில்லை. அதனால் ஓடவிட்டபடியே போனை எடுத்தார்.

"பாப்பா, வண்டி நின்னுபோச்சு."

"மறுபடியுமா? எங்கங்கப்பா?"

"ஆலையத் தாண்டி. எப்பவும் நிக்கற எடந்தான்."

வெண்மதி ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தினாள். இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் காலிப் பெட்டிகள் அதற்குத் தக்கபடி ஆடிக்கொண்டிருந்தன.

"அப்பா, வண்டி ஓடற சத்தம் கேக்குதுங்களே."

தீர்த்தகிரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கையை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்தார்.

"இப்ப நின்னுபோச்சு பாப்பா" என்றார்.

அவள் போனை வைக்கவில்லை.