பதுளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு காலி பெஞ்சு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதனால் இந்த ஜனவரியில் பேத்தி செல்வியை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பதுளைக்குப் போனேன். போன வருஷம்தான் நான் எழுத்து படித்தேன். மெதுவாக எழுதுகிறேன், ஆனால் நானே எழுதுகிறேன்!

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து தெமோதரை ஸ்டேஷனுக்கு இரண்டு மைல் நடை. ஏழு மணி ரயிலைப் பிடித்தோம். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் நான் சத்தமாக வாசித்ததில் செல்விக்கு வெட்கம். பதுளையில், நாங்கள் நானா என்று கூப்பிடும் தேத்தண்ணிக் கடை முஸ்லிம் அண்ணனிடம் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டேன்.

"படிக்கப் போறது நீங்களா, பேத்தியா?" என்றார்.

"இடம் கிடைச்சா ரெண்டு பேரும்தான் நானா!"

பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் ஜன்னலைத் தேடிப் போய், தலைத்துண்டை எடுத்துவிட்டு வெளியே நின்றேன். தோட்டத்து ஆபீசில் அப்படித்தானே! உள்ளே கால் வைக்க முடியாது. கூப்பிட்டால் ஜன்னல் வழியாகப் பேச வேண்டும்.

"தாத்தா, எல்லாரும் உள்ளாற போறாங்க."

"சும்மா இரு புள்ள. கூப்பிடுவாங்க."

யாரும் கூப்பிடவில்லை. நின்ற நேரத்தில் வகுப்புகளை எட்டிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஆளே இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

மதியம் பியோன் கதவைச் சாத்த வந்தார். "இன்னும் நிக்கிறீங்களா? சுண்ணாம்பு அடிக்க வந்த ஆளுன்னு நெனச்சேனே!"

விஷயத்தைச் சொன்னதும் எங்களை உள்ளே இழுத்துப் போனார். தலைமை டீச்சரான அதிபர் அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார். "ஆறாவது நெறஞ்சிருச்சு பெரியவரே. உக்கார எடமில்ல."

செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தாள். இங்கே இல்லையென்றால் அவள் அடுத்த மாதம் கொழுந்துக் கூடை தூக்க வேண்டியதுதான்.

"எட்டாவதுல ஒரு பெஞ்சு சும்மா கிடக்குதுங்களே. அது ஏங்க?"

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளைங்க இருந்த பெஞ்சு அது. ஆறாவதுல வருவாங்க. எட்டாவது வர்றதுக்குள்ள கொழுந்து பறிக்கப் போயிருவாங்க."

"அப்ப அதத் தூக்கி ஆறாவதுல போட்டா, இவ உக்காரலாமுங்களே?"

பியோன் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார். பிறகு செல்வியைப் பார்த்துச் சொன்னார்: "சரி. ஆனா ரெண்டு வருஷத்துல அந்தப் பெஞ்சு உன்னோட எட்டாவதுக்குத் திரும்பி வரணும்."

"வரும் டீச்சர்" என்றாள். ஆபீசுக்குள்ளே அவள் வாய் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற தோட்டத்து ஆட்களுக்கு: முதல் ரயிலிலேயே போங்கள், சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஜன்னலில் நிற்காதீர்கள். கதவு வழியாக உள்ளே போங்கள், நாற்காலி இருந்தால் உட்காருங்கள். பெஞ்சு தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கம் பியோன் பிடித்தார், மறுபக்கம் நான்.