கட்டடங்களுக்கு அப்பால் நிறுத்தவும்

கார் விற்கிற பகுதியில் சாவி கொடுக்கும்போது கேக் வெட்டுவார்கள். முறைப்பாடு கேட்கிற பகுதியில், அதாவது என்னுடைய பகுதியில், வருகிறவர்களுக்கு முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

வங்கியிலோ, ஆஸ்பத்திரியிலோ, எங்கேயாவது ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து, தான் செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் சொந்தக்காரர். என் மேசை இருப்பது தெமட்டகொடையில் ஒரு கார் சேர்விஸ் நிலையத்தில். நாங்கள் விற்கிற கார் ‘ப்ளக்-இன் ஹைபிரிட்’. பெற்றோலிலும் ஓடும், வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றினால் கரண்டிலும் ஓடும். இரண்டு விதமாக ஓடுகிற வாகனத்துக்கு முறைப்பாடும் இரண்டு விதமாக வரும் என்று வேலையில் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தானாக எழும்பிய எஞ்சின்

ஹெவ்லொக் டவுனில் இருக்கிற ஒரு இருதய டொக்டர் அம்மா எங்களிடம் கார் வாங்கினார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து கிளினிக்குக்கு. எல்லாம் கிட்டக் கிட்ட. சார்ஜிலேயே ஓடி முடித்துவிடுவார். வாங்கின நாளிலிருந்து பெற்றோல் செட் பக்கமே போகவில்லை என்று சந்திக்கிற எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவாராம். அப்படிப்பட்டவர் ஒரு நாள் முகம் வெளுத்து வந்தார். சார்ஜ் நிறைய இருக்கிறது, வெள்ளவத்தையில் சிவப்பு லைட்டில் நிற்கிறார், திடீரென்று எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகிறது. யாரோ தூரத்தில் இருந்து காரை இயக்குகிறார்கள் என்று அவருடைய கணவருக்குச் சந்தேகம். ஒட்டுக்கேட்டாலும் கேட்பார்கள் என்று இரண்டு பேரும் காருக்குள் குடும்பக் கதை கதைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் டெக்னீஷியன் நுவன் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. பெற்றோல் நெடுநாள் டாங்கில் கிடந்தால் பழுதாகிவிடும், எஞ்சினும் ஓடாமல் இருக்கக் கூடாது. அதனால் கொஞ்ச காலம் சும்மா கிடந்தால் அது தானே எழும்பிக் கொஞ்ச நேரம் ஓடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். டொக்டர் அம்மா காரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரப்போகிறது என்று நான் தண்ணீர்க் கிளாஸை நகர்த்தினேன்.

“என்ட பேஷன்ட்ஸ் நான் கெஞ்சிக் கேட்டும் நடக்கமாட்டினம். இது ஒருத்தரும் சொல்லாமலே எழும்பி ஓடுது. இதில நான் என்ன பிழை சொல்லுறது, பிள்ளை?”

சும்மா நின்ற கார்

நிஸார் நானாவுக்குத் தெமட்டகொடையிலேயே திரைச்சீலைக் கடை. அவருடைய முறைப்பாடு பாரதூரமானது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிய கார், ஒரு அடி கூட அசையாமல் வாசலில் நிற்கிறது. பின்னேரம் பார்த்தால் சார்ஜ் பாதிக்கும் கீழே. நிற்கிற காரில் சார்ஜ் இறங்குகிறது என்றால் பற்றரியில் பிழை இருக்கலாம். பற்றரியில் பிழை என்றால் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் மனேஜருக்கு வியர்த்தது. நுவன் காரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தான். கார் அசையவில்லை, உண்மைதான். ஆனால் கரண்ட் கட் ஆகிற நாட்களில் மட்டும்தான் சார்ஜ் இறங்கியிருக்கிறது.

அடுத்த கரண்ட் கட் அன்று நானும் நுவனும் வீட்டுக்கே போனோம். இந்தக் காரின் பின்பக்கத்தில், பயணம் போகிறபோது கேத்தல் கொழுவ ஒரு சாதாரண ப்ளக் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் நிஸார் நானாவின் ஜன்னலுக்குள் போனது. அங்கிருந்து ஒன்று மதில் ஏறிப் பக்கத்து வீட்டு ஐஸ்கிரீம் பிரிஜ்ஜுக்கு. இன்னொன்று ரோட்டைக் கடந்து எதிர்வீட்டுத் தையல் மெஷினுக்கு. மீன் தொட்டி மோட்டார் ஒன்றும் எங்கோ கொர்ர்ரென்று ஓடியது. நுவன் ப்ளக்கைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிவிட்டு, ஒரே இழுவையில் எல்லாவற்றையும் கழற்றினான். அந்தக் கணத்தில் நாலு பக்கத்திலும் இருந்து ஒரு கத்தல் கிளம்பியது. டீவியில் கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவராம். சனம் வெளியே வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. நானும் நுவனும் ஏதோ விக்கெட்டை விழுத்திவிட்ட மாதிரிப் பார்த்தார்கள். நிஸார் நானா மட்டும் நிதானமாகச் சொன்னார்:

“நான் பொய் செல்லல்ல மகள். கார் ஓடல்லதான். ஆனா இந்த முழு ரோட்டையும் அதுதான் ஓட்டுது.”

அழைப்பது யார்?

அதற்குப் பிறகுதான் உண்மையான பிரச்சினை வந்தது. சில கார்களின் பற்றரியில் பிழை இருக்கிறது, சார்ஜ் நிறைந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று வெளிநாட்டுத் தொழிற்சாலை அறிவித்தது. புதிய பற்றரி கப்பலில் வரும். அதுவரைக்கும் சார்ஜ் ஏற்றக்கூடாது, கராஜுக்குள் விடக்கூடாது, வெளியே, கட்டடங்களுக்கு அப்பால் நிறுத்த வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ‘ரீகோல்’ என்று பெயர். தலைமை அலுவலகம் மூன்று மொழியிலும் எஸ்.எம்.எஸ். அனுப்பியது. தமிழை யார் எழுதினார்களோ தெரியாது. ஓனரின் பெயர், அதற்குக் கீழே இப்படி: ‘தங்கள் வாகனம் மீள அழைக்கப்படுகிறது. இத்தகவலைத் துயரத்துடன் அறியத் தருகின்றோம்.’

காலையில் முதல் போன் கொட்டாஞ்சேனையில் இருந்து, திரேசம்மா அன்ரி. கார் கனடாவில் இருக்கிற மகனின் பெயரில். பூசைக்குப் போய்வந்து, கண்ணாடி போடாமல் போனைப் பார்த்திருக்கிறார். கண்ணில் பட்டது மகனின் பெயர், ‘அழைக்கப்படுகிறது’, ‘துயரத்துடன்’. அவ்வளவுதான். கையில் அகப்பட்ட எல்லா நம்பருக்கும் அடித்து, மகன் எடுக்காமல், கடைசியில் எங்களுக்கு அடித்தார். அழுகையில் பாதி விளங்கவில்லை. மகனுக்கு ஒன்றும் இல்லை அன்ரி, அங்கே இப்போது நித்திரையாக இருப்பார், இது கார் பற்றரி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மறுபக்கத்தில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மிகவும் கண்டிப்பான குரலில் சொன்னார்:

“அழைக்கிறது நீங்களோ ஆண்டவரோ எண்டு முதல் வரியிலயே போடுங்கோவன், மகள்.”

கடலா, தண்டவாளமா

சிவகுமாரன் அங்கிள் ஓய்வுபெற்ற எஞ்சினியர். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு மாடிக் குடியிருப்பு ஃப்ளட்டில் இருக்கிறார். ரீகோல் செய்தி வந்த அன்றே ஃப்ளட்காரர்கள் கூட்டம் போட்டு, அவருடைய காரை நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் இருந்து வெளியேற்றினார்கள். ஒழுங்கையில் விட்டார். எதிர் ஃப்ளட்காரர் வந்து தங்கள் கேட்டுக்கு முன்னால் வேண்டாம் என்றார். கொஞ்சம் கீழே இறக்கினார். அங்கே கல்யாண மண்டபம். அதற்கும் கீழே ஒரு ரியூஷன் சென்டர். ஒவ்வொரு இடத்திலும் காரைப் படம் பிடித்து எனக்கு வட்ஸ்அப்பில் போட்டு, ‘இது அப்பாலோ?’ என்று கேட்பார். வெள்ளவத்தையில் எந்த இடத்தைப் படம் பிடித்தாலும் பின்னால் ஒரு கட்டடம், பக்கத்தில் ஒரு கட்டடம், கட்டப்போகிற கட்டடத்துக்கு ஒரு தகரவேலி. நான் என்ன பதில் போடுவது? ‘இன்னும் கொஞ்சம் தள்ளி, அங்கிள்’ என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்த படத்தில் காருக்குப் பின்னால் கட்டடம் இல்லை. ரயில் பாதை இருந்தது, அதற்குப் பின்னால் கடல். படத்துக்குப் பின்னாலேயே அங்கிளும் நேரில் வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். கோபம் எல்லாம் இல்லை. சேர்ட் பொக்கெட்டில் இருந்து பேனையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

“உங்கட சொல்லுப்படி வந்து வந்து ரோட்டு முடிஞ்சுது, பிள்ளை. இனித் தண்டவாளத்தில விடட்டோ, கடலுக்குள்ள விடட்டோ? ரெண்டில எதெண்டு எழுத்தில தாங்கோ.”

பாமன்கடையில் தலைமறைவு

ராஜேந்திரன் அண்ணன் ஹட்டன் பக்கத்துக்காரர். கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, சுற்றுலாப் பயணிகளுக்குக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர். தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து சொந்தமாக ஒரு காருக்கு ஓனரான முதல் ஆள் தான்தான் என்று, முதல் சேர்விஸுக்கு வந்தபோது லட்டு கொண்டுவந்து தந்தவர். அதே எஸ்.எம்.எஸ். அவருக்கும் போனது. காரை மீள அழைக்கிறார்கள் என்றால் திருப்பி எடுக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டார். அதோடு போனை நிறுத்திவிட்டார். அவருடைய கார், பிழையான பற்றரி இருக்கக்கூடியவற்றில் ஒன்று. நானும் நுவனும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வாசலில் நின்ற மனைவி, அவர் ஹட்டனுக்குப் போய்விட்டார், காரும் போய்விட்டது என்று பாடம் பண்ணினது போலச் சொன்னார். “அக்கா, நாங்க காரை எடுக்க வரேல்லை. அது நெருப்புப் பிடிக்கலாம். சார்ஜ் போடக்கூடாது எண்டு சொல்லத்தான் வந்தனாங்கள்” என்றேன். அவருடைய முகம் மாறியது. “ஐயோ, பாமன்கடையில தங்கச்சி வீட்டுல இருக்குங்க. யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு அவரு கார்க்குள்ளதாங்க படுத்திருக்காரு” என்றார்.

பாமன்கடைக்கு நாங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கு இப்போதும் சரியாக ஞாபகம் இல்லை. தங்கச்சியின் கணவர் மெத்தை தைக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில், அதற்குள் தும்பு, பஞ்சு, ஸ்பொஞ்ச். நடுவில் ஒரு பெரிய மெத்தைக் குவியல். குவியலுக்கு அடியில் இருந்து ஒரு சார்ஜ் வயர் சுவருக்குப் போனது. உள்ளே பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு இனிப்பு வாடை, பற்றரி கசிகிற வாடை. நுவன் வயரைப் பிடுங்கினான். மெத்தைகளை இழுத்து எறிந்தோம். காருக்குள்ளே சீட்டைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு அண்ணன் நல்ல நித்திரை. எழுப்பினதும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “தர மாட்டேங்க! பொழப்பே இதுதாங்க!” எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், அவர் உள்ளே இருக்கவே, மச்சானும் நுவனும் நானுமாகக் காரைத் தள்ளி, பக்கத்தில் இருந்த விளையாட்டு வெளிக்குக் கொண்டுபோனோம். அங்கே வயிறு தள்ளிய ஒபிஸ்காரர்கள் சிலர் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிட்ச்சின் மேல் கார் விட வேண்டாம் என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று பார்க்கத்தான் அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார்.

இறங்கிக் கொஞ்ச நேரம் கூட இல்லை. காருக்கு அடியில் இருந்து வெள்ளையாகப் புகை வந்தது. நுவன், “அக்கே, துவன்ன!” என்று ஓடச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். நான் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒபிஸ்காரர்கள் விக்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். பின்னால் படபடவென்று வெடித்து, பிட்ச்சின் நடுவில் கார் முழுதாகப் பற்றி எரிந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து அணைக்கும் வரைக்கும் அண்ணன் மதிலோரம் குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அழுதார். நான் அழாதது போல நின்றேன். அந்தக் கொட்டிலுக்குள், அந்த மெத்தைகளுக்கு நடுவில் இது எரிந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லாம் அடங்கி, எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியபோது, அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப வேணும்னா நீங்க திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க மேடம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

விளக்கின் மேல் ஒருவர்

எரிந்த காரை விசாரிக்கத் தொழிற்சாலையில் இருந்து ஒரு நிபுணர் வந்தார். மிக மரியாதையான மனிதர், சிரிக்கவே மாட்டார். அவருக்கும் ராஜேந்திரன் அண்ணனுக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பு. தீப்பிடிக்கும் முன்னால் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரிந்ததா என்று நிபுணர் கேட்டார். எரிந்திருக்கும், ஆனால் தெரியாது என்றார் அண்ணன். ஏன் தெரியாது? அந்த இடத்தில் பிள்ளையார் ஒட்டியிருந்தது. நான் மொழிபெயர்த்தேன். நிபுணர் பேனையை நிறுத்தி, பிறகு மிகக் கவனமாகக் கேட்டார்: “அந்தக் கடவுள் விளக்கின் மேல் இருந்தாரா, பக்கத்தில் இருந்தாரா?” மேலேதான் என்று அண்ணன் சொல்ல, நிபுணர் தாளில் டாஷ்போர்டைக் கீறி, விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்கு அம்புக்குறியும் போட்டார். அண்ணன் அந்த வட்டத்துக்குத் தும்பிக்கை கீறிக் கொடுத்தார்.

பிள்ளையாரில் பிழை இல்லை, பற்றரியில்தான் பிழை என்று விசாரணையில் முடிவானது. தொழிற்சாலை அண்ணனுக்கு அதே மாதிரிப் புதிய கார் ஒன்றைக் கொடுக்கச் சம்மதித்தது. அது வந்து சேரும் வரைக்கும் ஓட்ட, எங்கள் மனேஜர் தன்னுடைய பொறுப்பில் ஒரு பெற்றோல் கார் கொடுத்தார். புதிய காரை எடுக்க அண்ணன் குடும்பத்தோடு வந்தார். நுவன் ஒவ்வொரு பட்டனாகக் காட்டி, எதையும் மறைத்து ஒட்ட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொக்கெட்டில் இருந்து புதிய பிள்ளையார் ஒன்றை எடுத்தார்.

“மேடம், இந்தக் கார்ல எந்த எடத்துல லைட்டே எரியாதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. சாமிக்கு எடம் பாக்கணும்.”

காரில் இருக்கிற கோளாறுக்கு என்றைக்காவது கப்பலில் பற்றரி வந்துவிடும், காரோடு வருகிற மனிதர்களுக்கு மட்டும் எந்த நாட்டிலும் மாற்றுப் பாகம் செய்வதில்லை என்பதால்தான் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.