வெடி கேட்டதும் காணாமல் போன அல்போன்ஸ் அண்ணை

வேட்டைத் துவக்குக்குப் பூசுகிற எண்ணெய்க்கு ஒரு தனி மணம். தையல் மெஷின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி... அதோடு பிளாஸ்க் கோப்பி மணமும் சேர்ந்துவிட்டால் எனக்கு அது இரண்டாயிரத்து மூன்று, நாலாம் ஆண்டு ஒக்டோபர் விடியல்தான்.

அப்போது மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பக்கம் இருந்தோம். நான் மூன்றாம் மாடி. மன்னார் அல்போன்ஸ் அண்ணை எனக்கு நேர் கீழ் வீடு. இரண்டு பேருக்கும் ஒரே ஜன்னல் ஃபக்டரியில் வேலை.

ஃபோர்மன் ரெயால், வடக்கே மலைப்பக்கத்து ஆள். கரடியைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவரக்கூடிய உடம்பு. அவருடைய தகப்பனுக்கும் அல்போன்ஸ் என்றுதான் பெயராம். அந்த ஒரே காரணத்துக்காக எங்கள் இரண்டு பேரையும் வேட்டைக்குக் கூட்டிப்போயே தீருவேன் என்று நின்றார்.

வேட்டைக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு வகுப்பு, சோதனை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் அந்தச் சோதனையில் பிரெஞ்சுக்காரர் முழுப்பேரும் என் பேப்பரைத்தான் எட்டிப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று வாத்தியார் எழும்பி நின்று கை தந்தார். சரி... பாதி எழும்பினார்.

வேட்டைக்காரர் போடுகிற செம்மஞ்சள் அங்கியை வாங்கி, அப்படியே போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒரு கிழவி என்னைப் பிடித்து, இந்த ரோட்டு வேலை எப்போது முடியும் என்று கேட்டாள். அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டேன். மொன்றியலில் அந்தக் கேள்விக்கு எப்போதும் அதுதான் பதில்.

ரெயாலுக்குக் காட்டில் வேறு முகம். ஃபக்டரியில் பகிடி விடுகிறவர், அங்கே சிரிக்கவே மாட்டார். துவக்கின் வாய் எந்த நேரமும் மனிதனைப் பார்க்கக் கூடாது. சுடுகிற கணம்வரை விரல் விசைக்கு வெளியே. தண்ணி ஓடுகிற கானைத் தாண்டுவதென்றால் துவக்கை மடித்துத் திறந்து தோட்டாவை எடுத்துவிட வேண்டும். சுடுவதற்கு முன் கூட வந்த இரண்டு அங்கியும் கண்ணில் தெரிய வேண்டும். ஒன்று தெரியாவிட்டாலும் கோழி போனால் போகட்டும்.

அன்றைக்குக் காட்டுக்கோழி தேடி வரிசையாக நடந்தோம். இடதுபக்கம் ரெயால், நடுவில் நான், வலதுபக்கம் அல்போன்ஸ் அண்ணை. இடுப்பளவுக்குக் காய்ந்த பன்னைச் செடி.

மலைக்கு அந்தப் பக்கம் யாரோ வேட்டைக்காரன் ஒரு வெடி வைத்தான்.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் வலதுபக்கத்தில் ஒரு கோழி எழும்பியது. வான்கோழி அளவு இருக்கும், குறைத்துத்தான் சொல்கிறேன். தாழப் பறந்தது. ரெயாலின் துவக்கு தோளுக்குப் போனது... அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

அல்போன்ஸ் எங்கே என்று கேட்டார்.

வலதுபக்கம் வெறும் பன்னை. செம்மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை.

ரெயால் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. காடு அதிர இன்னொரு தரம் கூப்பிட்டார். ஒரு சத்தமும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து வெடி அண்ணையில்தான் பட்டது என்று எனக்கு முடிவாகிவிட்டது. கீழ் வீட்டில் அவருடைய மனுசியின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஓட வெளிக்கிட்டேன்.

ரெயால் என் கொலரைப் பிடித்து நிறுத்தினார். முதலில் துவக்கைத் திற என்றார். தன்னுடையதையும் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். நானும் திறந்தேன்.

தோட்டா கையில் வந்த பிறகுதான் மூளையும் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வெடி கேட்டால் யார் நின்றுகொண்டிருந்தார்கள்? விழுந்து படுப்போம். படுத்த பிறகு சப்பாத்துப் போட்ட ஒரு ஆள், விளங்காத பாஷையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்... எவன் வாயைத் திறப்பான்?

நான் கூப்பிட்டேன். "அண்ணை, நாங்கள்தான். இஞ்ச ஆமி ஒருத்தரும் இல்லை. கோழி பிடிக்க வந்திருக்கிறம்."

பிறகு பன்னை அசைந்தது. முகத்தில் மண்ணோடு தலையைத் தூக்கினார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் கையில் துவக்கு இல்லை. தூர எறிந்திருந்தார். அது தோட்டாவோடு, வாய் எங்களைப் பார்த்தபடி செடிக்குள் கிடந்தது. ரெயால் எங்களை அசையவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சுற்றிப் பின்பக்கமாகப் போய் அதை எடுத்துத் திறந்தார். ஏசவில்லை. ஏன் எறிந்தாய் என்று மட்டும் கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "வெடி கேட்டாக் கையில ஒண்டும் இருக்கக் கூடாது தம்பி. அதை அவருக்குச் சொல்லு."

அதைச் சொல்கிற அளவுக்கு என் பிரெஞ்சு போதாது. யுத்தம் என்கிற ஒரு சொல் வந்தது. அதை மட்டும் சொன்னேன். ரெயால் தலையாட்டினார். பிளாஸ்க்கைத் திறந்து முதல் கோப்பியை அண்ணைக்கு ஊற்றினார்.

அன்றிலிருந்து எங்களுக்குப் புதுச் சட்டம். நடக்கும்போது மூன்று பேருடைய துவக்கும் திறந்தபடி, வெறுமையாக. தூரத்தில் வெடி கேட்டால் எல்லாரும் நின்று ஆளுக்காள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அடுத்தடுத்த வருஷங்களில் நான் ஒரே வெடியில் இரண்டு கோழி, மூன்று கோழி என்று விழுத்தினேன். அண்ணை ஒன்றும் சுடவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமையும் வராமல் நிற்கவில்லை.

ரெயால் ஓய்வெடுத்து ஊரோடு போய்விட்டார். அண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் மகளோடு இருக்கிறார். எனக்கு முழங்கால் சரியில்லை. இப்போது எங்கள் பிள்ளைகள் போகிறார்கள். ரேடியோ, ஃபோனில் ஆள் நிற்கிற இடத்தைக் காட்டுகிற புள்ளி... ஒருவரும் ஒருவரையும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் அண்ணையைப் பார்க்கப் போனபோது, பெடியளோடு காட்டுக்குப் போய்வந்த கதையைச் சொன்னேன். கார் நிறுத்தின இடத்தில் கோப்பியோடு இருந்தேன், பக்கத்தில் யாரோ வெடி வைத்தான், பெடியள் திரும்பி என்ன விழுந்தது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான் என்றேன்.

அண்ணை என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நிண்டுகொண்டே பாத்தவங்கள்?"

"ஓம் அண்ணை. நிண்டுகொண்டுதான்."