வசந்தி வரைய விரும்பிய முகம்

துபாயில், ஜெபல் அலி அலுவலகத்தில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது வசந்தியின் கணவர் ரவி அழைத்தார். "மீனா, வசந்தி போயிட்டா. பேப்பர் வேலையெல்லாம் முடிஞ்சதும் திருச்சிக்குக் கொண்டுபோறேன்" என்றார். சனிக்கிழமை ஓவிய வகுப்பில் அவளோடு உட்கார்ந்திருந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

வங்கி வேலையை விட்டுவிட்டு துபாய் வந்தவள். நாற்பதைத் தாண்டித்தான் தூரிகை பிடித்தாள். நம் எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: பழைய ஐரோப்பிய ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்து, ஜன்னலோரம் அமர்ந்த பெண்ணை அப்படியே வரைய வேண்டும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, காவி மஞ்சள் தவிர வேறு வண்ணம் கூடாது. நீலம் இல்லாமல் எப்படி என்று நான் முணுமுணுத்தேன். வசந்தி கறுப்பில் வெள்ளையைக் கலந்து, சிவந்த கன்னத்தை ஒட்டி வைத்தாள். அந்தச் சாம்பல் நீலமாகத் தெரிந்தது. "பக்கத்துல யார் இருக்காங்கங்கிறதுதான் விஷயம்" என்று சிரித்தாள்.

நாம் வேறு படங்களுக்குப் போய்விட்டோம். அவள் போகவில்லை. அதே பெண்ணையே திரும்பத் திரும்ப வரைந்தாள். "அச்சு அசலா இருக்கு வசந்தி" என்றேன் ஒருமுறை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அச்சு மட்டும்தான் இருக்கு. ஆள் இல்ல."

பிறகு நோய் வந்தது. சிகிச்சையில் கை நடுங்கத் தொடங்கியபோது என்னை வீட்டுக்கு அழைத்தாள். "காப்பி போதும். உசிரோட ஒரு ஆளையாவது வரையணும். நீ உக்காரு."

அதே நான்கு வண்ணங்கள். காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் நெற்றியை, கண்ணுக்கடியில் விழுந்திருந்த கருவளையத்தை, உதட்டோரத்தைப் பார்த்துப் பார்த்து வண்ணம் வைத்தாள். என் வீட்டில்கூட யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மதியம் திடீரென்று வண்ணம் கலக்கும் கத்தியை எடுத்து, கேன்வாஸில் ஈரம் காயாத முகத்தைச் சுரண்டினாள். தடுக்க எழுந்தேன்.

"விடு மீனா. உன்னை வரையல. மறுபடியும் அந்த ஜன்னல் பொம்பளையத்தான் வரைஞ்சிருக்கேன்."

மிச்சமிருந்ததைப் பார்த்தேன். அதே ஜன்னல் பெண்தான். "அடுத்த வாரம் வா" என்றாள். அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

கடைசியில் அவள் அந்த ஒரு முகத்தை வரைந்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. வரையவில்லை. நகல்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் ரவி. எனக்கு வேண்டாம், அவற்றில் அவள் இல்லை. எனக்கு மிஞ்சியது அன்று காலை அவள் என்னைப் பார்த்த பார்வை மட்டும். அது எந்தக் கேன்வாஸிலும் இல்லை. நானும் போனபின் அதுவும் இருக்காது.